நாலரையில் ஆறு பங்கு

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவச் செல்வங்கள், “ஐயா, இவ்வாண்டும் சீறாப்புராணம் பற்றியே எழுதித் தாருங்கள்” என்றனர். சென்ற ஆண்டு எழுதியது அதுவே. அதற்கு முந்தைய ஆண்டு எழுதியதும் ஏறக்குறைய அதுவே. உமறுப் புலவருக்கும் ஓராண்டு ஓய்வளிப்போம் என்று கூறி, இம்முறை கணக்கைப் பற்றி எழுதப் போகிறோம் என்றோம். சிரிப்பை அடக்கிக்கொண்டு சென்றார்கள். கணிதத் துறைப் பேராசிரியப் பெருமக்கள் எல்லை மீறியதைப் பொறுத்தருள்வார்களாக.

யாம் தமிழ் படிக்க வந்ததற்குத் தமிழ்ப்பற்று மட்டும் காரணமன்று. இதுவரை யாரிடமும் சொல்லாத இன்னொரு காரணம் உண்டு. தொடக்கப் பள்ளியில் ஒருநாள், 0.5 பெரிதா 0.125 பெரிதா என்று ஆசிரியர் எம்மை எழுப்பிக் கேட்டார். ஐந்தைவிட நூற்று இருபத்தைந்து பெரிது என்பது நான்கு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே தயங்காமல் விடை சொன்னோம். கிடைத்தது பிரம்படி. வலி அன்று மாலையே நீங்கிவிட்டது. ஏன் தவறு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து புள்ளி வைத்த எண்ணைக் கண்டால் ஒதுங்கிச் செல்வது எம் வழக்கமாயிற்று. மேனிலைப் பள்ளியில் கணக்கில்லாத பிரிவு, கல்லூரியில் தமிழ், அதன்மேல் எம்.ஃபில். என்று ஒதுங்கி ஒதுங்கியே ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமை ஏற்காட்டில் நடத்தும் பொறுப்பு எம்மிடம் வந்தது. சேர்வராயன் கோயிலுக்குச் செல்லும் திசையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்தோம். பகலில் வழி செப்பனிடுதல், குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்தல். மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருதல் என்பது திட்டம். ஆங்கிலத்தை ஒருவர், அறிவியலை ஒருவர் என மாணவர்கள் பங்கிட்டுக்கொண்டபின், எவரும் எடுக்காமல் எஞ்சி நின்றது கணக்கு. முகாம் அலுவலர் என்ற முறையில் எஞ்சியதை ஏற்பது எம் கடமையாயிற்று.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுதோறும் இத்தனையாவது வளைவு, மொத்தம் இருபது என்று பலகையில் எழுதியிருப்பார்கள். 5/20 என்ற பலகையைக் கண்டதும் பேருந்திலிருந்த மாணவர் ஒருவர், “ஐயா, கால்வாசி மலை ஏறிவிட்டோம்” என்று கூவினார். யாமும் மகிழ்ந்து தலையாட்டினோம். பின்னர்தான் தோன்றிற்று: வளைவுகளில் கால்வாசி கடந்துவிட்டோம் என்பது சரி, மலையில் கால்வாசி ஏறினோம் என்பதற்கு அது சான்றாகாது. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையிலான தொலைவு எங்கும் ஒன்றாக இல்லை. பங்குகள் சமமாக இருந்தாலன்றிப் பின்னம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை அறிய எமக்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

முதல் மாலை பாடநூல் காட்டும் வழியிலேயே தொடங்கினோம். கரும்பலகையில் வட்டம் வரைந்து, இது ஒரு ரொட்டி என்றோம். மூன்றாகப் பிரிக்கச் சொன்னோம். ஒரு சிறுவன் மேலிருந்து கீழாக இரண்டு நேர்கோடுகள் போட்டு மூன்று துண்டாக்கினான். நடுத்துண்டு பெருத்தும் ஓரத்துண்டுகள் மெலிந்தும் இருந்தன. “யாருக்கு நடுத்துண்டு?” என்றோம். “எனக்கு” என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அச்சிரிப்பிலேயே சமபங்கு என்னும் கருத்து அவர்களிடம் முன்பே இருப்பது தெரிந்தது. நடுத்துண்டு கிடைக்காதவன் முகம் சுளித்தானல்லவா? அவனுக்குப் பின்னத்தின் முதல் விதி தெரியும். தொகுதி, பகுதி என்ற பெயர்கள்தாம் தெரியாது.

வட்டத்தை அழித்துவிட்டு நீளமான காகிதப் பட்டைகளைக் கொடுத்தோம். ஒருமுறை மடித்தால் அரை. மறுமுறை மடித்தால் கால். இன்னொரு முறை மடித்தால் அரைக்கால். இங்கே தமிழாசிரியனுக்கு ஒரு நற்பேறு காத்திருந்தது. அரைக்கால் என்றால் காலில் அரை. பாதியையும் காலையும் பெருக்கினால் எட்டில் ஒன்று என்று இன்றைய வகுப்பில் ஒரு மாதம் கழித்துச் சொல்லித் தருகிற பெருக்கல், அந்தச் சொல்லுக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. முக்கால் என்றால் மூன்று கால். எத்தனை பங்கு என்பதும் எவ்வகைப் பங்கு என்பதும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. “ஒன்று பை நான்கு” என்று ஒப்பிக்கும் பிள்ளையை “நான்கில் ஒன்று” என்று சொல்லவைத்துப் பாருங்கள். முதலில் நான்காகப் பிரி, பிறகு ஒன்றை எடு என்று செய்முறையையே அந்தத் தொடர் சொல்லிக்கொடுக்கும்.

நம் முன்னோர் பின்னத்தைப் பின்னர்ப் படிக்கவேண்டிய கடினப் பாடமாக ஒதுக்கி வைக்கவில்லை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனனம் செய்த எண்சுவடியில் முந்திரி என்னும் சிற்றெண்ணிலிருந்தே இலக்கம் ஏறத் தொடங்கும். முந்திரி என்பது 320இல் ஒன்று. நான்கு முந்திரி ஒரு காணி. அதாவது 80இல் ஒன்று. பதினாறு முந்திரி ஒரு மா; 20இல் ஒன்று. இருபது முந்திரி ஒரு வீசம், 16இல் ஒன்று. மாகாணி என்பதும் இதுவே; ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தது என்று பெயரே கணக்கைச் சொல்கிறது. காலும் மாவும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டால், பொதுப் பகுதி காண ஓட வேண்டியதில்லை. எண்பது முந்திரியும் பதினாறு முந்திரியும் தொண்ணூற்றாறு முந்திரி. முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி, இம்மி என்று இறங்கும் வரிசையைக் காரி நாயனாரின் கணக்கதிகாரம் பேசுகிறது. “இம்மியளவும் பிசகாது” என்று மேடையில் முழங்கும் நாம், இம்மி ஓர் எண் என்பதை மறந்துவிட்டோம். (இதை எழுதுகிற யாமும் எத்தனையோ மேடைகளில் அவ்வாறு முழங்கியவரே.)

இம்முறையில் எம்மை வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்றுண்டு. நாற்பதில் ஒன்றைத் தமிழர் அரைமா என்றனர். இஸ்லாமிய இல்லங்களில் ஆண்டுதோறும் செல்வத்துக்குக் கணக்கிடப்படும் ஜக்காத் எவ்வளவு? நூற்றுக்கு இரண்டரை, அதாவது நாற்பதில் ஒன்று, அதாவது மிகச் சரியாக ஓர் அரைமா. மழையால் விளைந்த பயிருக்குப் பத்தில் ஒன்று; அது இருமா. நீர் இறைத்துப் பாய்ச்சி விளைவித்த பயிருக்கு இருபதில் ஒன்று. அது ஒரு மா. வரகும் நெல்லும் அளந்த நம் பாட்டன்மார் இவற்றைக் காகிதமின்றிக் கணக்கிட்டிருக்க முடியும். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் 2.5 விழுக்காடு என்று கைப்பேசியில் தட்டுகிறார்கள். புள்ளியைத் தவறவிட்டால் 25 விழுக்காடு ஆகிவிடும். கொடுப்பவருக்கு நன்மை கூடலாம், கணக்கு நிற்காது.

காலும் அரையும் இவ்வாறு பிள்ளைகள் வசமாயின. புள்ளி வசமாகவில்லை. மூன்றாம் நாள் மாலை யாம் அதே பழைய வினாவை, பிரம்பின்றிக் கேட்டோம்: 0.5 பெரிதா, 0.125 பெரிதா? பதினான்கு பிள்ளைகளில் பதினொருவர் 0.125 என்றனர். எம் உடன்பிறப்புகளைக் கண்டது போல் இருந்தது.

அவர்களைக் குறை கூற என்ன இருக்கிறது? பாடநூலில் தசமம் வந்து சேருமுன்னரே அவர்களுடைய வாழ்க்கையில் புள்ளி வந்துவிடுகிறது. வந்த இடங்களிலெல்லாம் வெவ்வேறு பொருள் தருகிறது. மட்டைப்பந்து ஆட்டத்தில் 4.5 ஓவர் என்றால் நான்கு ஓவரும் ஐந்து பந்தும். இன்னொரு பந்து வீசினால் ஐந்து. அங்கே ஆறு பந்து ஓர் ஓவர். ஒருவருடைய உயரம் 5.6 என்றால் ஐந்து அடி ஆறு அங்குலம். அங்கே பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி. இரண்டிலும் அந்தப் புள்ளி தசமப்புள்ளி அன்று, வெறும் வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் வேறோர் எண் என்று பழகிய பிள்ளை, 0.125இலும் வேலியைத்தான் காண்கிறது.

காசு இருந்தவரை காசு உதவிற்று. 1957 ஏப்ரல் முதல் நாள் இந்தியாவில் ரூபாய் நூறு நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. அதற்கு முன்பு பதினாறு அணா. வீசம் என்பதும் ரூபாயில் ஓர் அணா என்பதும் ஒன்றே என்பதால் பழைய தலைமுறைக்குப் பதினாறின் கணக்கு கைவந்திருந்தது; நயா பைசாவோடு வளர்ந்தவர்களுக்கு நூறின் கணக்கு கைவந்தது. 2011 ஜூன் 30உடன் 25 காசும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் செல்லாதவையாயின. இன்று ஐம்பது காசை நீட்டினால் கடைக்காரர் எம் முகத்தைப் பார்க்கிறார். ஆக, நூறில் ஒரு பங்கைக் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு இன்றைய குழந்தைக்கு இல்லை. ரூபாயும் காசும் காட்டித் தசமம் கற்பிப்பது, பார்த்தறியாத யானையைக் காட்டிப் பார்த்தறியாத திமிங்கிலத்தை விளக்குவது போன்றது.

மலைப்பிள்ளைகளுக்கு வேறொன்று இருந்தது. அவர்களுடைய தாய்மார் காப்பிப் பழம் பறிப்பவர்கள். பறித்த பழத்தை மின்னணுத் தராசில் நிறுத்து, எடையைச் சீட்டில் எழுதித் தருவார்கள். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, சீட்டுகளை நூலில் கோத்து வைத்திருந்தாள்; அவற்றை எம்மிடம் கொண்டுவந்தாள். ஒன்றில் 12.5 என்றும் மற்றொன்றில் 12.450 என்றும் இருந்தன. “எங்கம்மா ரெண்டாவது நாள்தான் நெறைய பறிச்சாங்க. ஆனா காசு கொறச்சலா வந்துச்சு” என்றாள். இதற்காகத் தாயும் மகளும் சில நாட்களாக உள்ளுக்குள் மருகியிருக்கிறார்கள். எடுத்துக் கேட்க அச்சம். கேட்டுத் தவறாகப் போனால் வேலைக்கு என்ன ஆகும் என்ற நினைப்பு.

கூலியில் தவறில்லை. ஒரு கிலோ ஆயிரம் கிராம். பன்னிரண்டரைக் கிலோ என்றால் பன்னிரண்டு கிலோ ஐந்நூறு கிராம். மற்றது பன்னிரண்டு கிலோ நானூற்றைம்பது கிராம். ஐம்பது கிராம் குறைவு. கூலியும் அதற்கேற்பச் சிறிது குறைவு. ஆனால் இதை வாயால் சொல்லிவிட்டால் அது எமக்குக் கிடைத்த பிரம்படியைப் போல மேலே பட்டுப் போய்விடும். பள்ளி முற்றத்தில் இரு கம்பங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி விட்டுக் கயிறு கட்டினோம். ஒரு முனை 12, மறுமுனை 13. நடுவே பத்துச் சம பங்குகளாகச் சாக்குக்கட்டியால் குறியிட்டோம். எண் எழுதிய அட்டைகளைத் துணிக் கிளிப்பால் மாட்டச் சொன்னோம். 12.5 என்ற அட்டையை ஐந்தாவது குறியில் மாட்டினாள். 12.450 என்ற அட்டையோடு நெடுநேரம் நின்றாள். முதலில் 13ஐயும் தாண்டி, கம்பத்துக்கு அப்பால் எங்கோ பார்த்தாள். “பதிமூணு ஆயிடுச்சுன்னா பதிமூணுன்னே எழுதியிருப்பாங்களே?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அதன்பின் நான்காவது குறியைக் கடந்து, ஐந்தைத் தொடுமுன், பாதி வழியில் மாட்டினாள். திரும்பி எம்மைப் பார்த்து, “அப்போ 12.45ம் இதே எடந்தானா ஐயா? ரெண்டுக்கும் ஒரே கிளிப் போதுமா?” என்றாள்.

போதும் என்றோம். எத்தனையோ பாடநூல்கள் ஓர் அதிகாரம் எழுதியும் புரியவைக்காததை அந்த ஒற்றைக் கிளிப் புரியவைத்துவிட்டது. ½ என்ற அட்டை, 0.5 என்ற அட்டை, அரை என்ற அட்டை மூன்றையும் ஒரே கிளிப்பில் மாட்டிவிட்டுப் பிள்ளைகள் கைகொட்டினர்.

புள்ளிக்குப் பின் உள்ள இலக்கங்களின் எண்ணிக்கையன்று, அவை நிற்கும் இடமே மதிப்பைத் தருகிறது என்னும் இச்செய்தியை உலகம் கண்டறிந்து நிலைநாட்டவே நெடுங்காலம் ஆயிற்று. பத்தின் கூறுகளாகப் பின்னங்களை எழுதும் முறை, 10ஆம் நூற்றாண்டின் நடுவில் திமிஷ்கு நகரில் நூல் எழுதிய அல்-உக்லீதிசியிடம் காணப்படுகிறது. 1427இல் சமர்க்கந்தில் அல்-காஷி தம் கணித நூலில் அதனை முறைப்பட விரித்தார். ஐரோப்பாவில் 1585இல் சைமன் ஸ்டெவின் ஒரு சிறு நூல் எழுதி வணிகர்க்கும் நில அளவர்க்கும் அதனைப் பரிந்துரைத்தார். அறிஞர்கள் நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்ட ஒன்றை ஒன்பது வயதுக் குழந்தை ஒரு மாலையில் பிடிக்கவில்லை என்று பிரம்பை எடுத்தவர்களை நினைத்தால் இப்போது சினம் வரவில்லை, இரக்கமே வருகிறது. அவர்களுக்கும் யாரோ கயிறு கட்டிக் காட்டவில்லை போலும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறோம்.

முகாமின் ஐந்தாம் நாள் மாலை. மாணவர்கள் ஆறு குழுவாகப் பிரிந்து தத்தம் அடுப்பில் தேநீர் வைப்பது வழக்கம். அன்று அரை லிட்டர் ஆவின் பால் பைகள் ஒன்பதே கிடைத்தன. நாலரை லிட்டர், ஆறு குழு. முதுகலை மாணவர் ஒருவர் கைப்பேசியைத் தேடினார். அருகே நின்றிருந்த அதே சிறுமி, பால் பைகளைப் பார்த்தவாறே, “ஆளுக்கு முக்கால் லிட்டர்” என்றாள்.

“எப்படி அம்மா?” என்றோம்.

“மொதல்ல ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு பை. அது அரை. மிச்சம் மூணு பை இருக்கு. ஒவ்வொண்ணையும் ரெண்டாப் பிரிச்சா ஆறு காலு. ஆளுக்கு இன்னொரு காலு. அரையும் காலும் முக்காலு.” சொல்லிவிட்டு, இதிலென்ன என்பது போல் நின்றாள்.

யாம் அவ்விடத்தில் நிற்க இயலாமல் அப்பால் நடந்தோம். குளிர் என்று மாணவர்கள் எண்ணியிருப்பார்கள்.

நாலரையை ஆறாகப் பிரிப்பது எமக்குப் புதிய கணக்கன்று. 2003ஆம் ஆண்டில் எம் அத்தா மறைந்தார்கள். அவர்கள் விட்டுச் சென்றது 60 சென்ட் நிலம். அம்மா, அண்ணன், யாம், மூத்த அக்காள், இளைய அக்காள் என ஐவர். பாகப் பிரிவினைக்குப் பெரியவர்கள் கூடினர். வந்திருந்த ஹஜ்ரத், மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று மார்க்கச் சட்டத்தைத் தெளிவாக எடுத்துரைத்தார்கள். அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்னும் ஆறு பின்னங்கள் திருமறையின் வாரிசுரிமைச் சட்டத்தில் வரையறுக்கப்பட்டுள்ளன. அல்-குவாரிஸ்மி தம் அல்ஜீப்ரா நூலில் பெரும்பகுதியை இத்தகைய பாகக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். சட்டம் சொன்ன ஹஜ்ரத் தொழுகைக்கு நேரமாயிற்று என்று எழுந்து சென்றார்கள். கணக்குப் போட்டவர் நிலபுலன்களில் அனுபவம் உள்ள ஒரு பெரியவர்.

அவர் வாய்க்கணக்காகவே சொன்னார். அறுபதில் எட்டில் ஒன்று ஏழரை; அது அம்மாவுக்கு. மிச்சம் ஐம்பத்திரண்டரை. இரு மகன்களுக்கு நான்கு பங்கு, இரு மகள்களுக்கு இரண்டு பங்கு, ஆக ஆறு பங்கு. ஆறெட்டு நாற்பத்தெட்டு, மிச்சம் நாலரை. இதுவரை எல்லாம் சரி. அந்த நாலரைக்கு வந்ததும் சற்று நிறுத்தினார். “பெண்மக்களுக்கு ஆளுக்கு ஓர் அரையைச் சேர்த்து எட்டரை எட்டரையாக எழுதிக்கொள். மிச்சம் ஆண்மக்களுக்கு. கணக்கு முடிந்தது” என்றார். அக்காள் இருவருக்கும் எட்டரை. அண்ணனுக்கும் எமக்கும் பதினேழே முக்கால். கூட்டிப் பார்த்தால் அறுபது சரியாக வருகிறது. கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டால் உள்ளே நடந்ததை யார் கேட்கப் போகிறார்கள்?

ஏதோ சரியில்லை என்று எமக்குத் தோன்றிற்று, அதை மறைக்கவில்லை. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்றால், எட்டரையின் இருமடங்கு பதினேழு அல்லவா? பதினேழே முக்கால் எப்படி வரும்? இவ்வளவு மனத்துள் ஓடியது. ஆனால் சரியான விடை என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எம்.ஃபில். மாணவன், பெரியவர்கள் நிறைந்த அவையில், நாலரையை ஆறால் வகுக்கத் தெரியாமல் விழிப்பதா? வாய் திறந்து தவறாகப் போனால்? தொடக்கப் பள்ளிப் பிரம்பு இருபத்தைந்து வயதிலும் எம் முதுகுக்குப் பின்னால் நின்றது. பேசாதிருந்தோம். அந்த அமைதியால் எமக்குக் கால் சென்ட் நிலம் கூடுதலாகக் கிடைத்தது என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். அதன்பின் கணக்குத் தெரிந்தவர் எவரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருபது ஆண்டு அளவும் கேட்காமல் இருந்ததற்கு அச்சம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

அந்தப் பெரியவர் செய்தது இதுதான்: சிறுமி செய்த கணக்கின் முதற்படியைச் செய்தார். ஆளுக்கு ஒரு பை கொடுத்தார். மிச்சம் மூன்று பை இருந்தபோது, அவற்றை இரண்டாக அறுக்காமல் எம் பக்கம் தள்ளிவிட்டார். அவரிடம் வஞ்சகம் இருந்ததாக யாம் கருதவில்லை. கால் என்ற துண்டு கைக்கு அடங்காத சிறு துண்டாக அவருக்குத் தோன்றியிருக்கும்.

மறுநாள் காலை மாணவர்களோடு சேர்வராயன் கோயிலுக்கு நடந்தோம். மலைத்தொடரின் உச்சிச் சமவெளியில், கடல் மட்டத்துக்கு 1,623 மீட்டர் உயரத்தில் அக்கோயில் அமைந்திருக்கிறது, அடிக்கணக்கில் 5,326. கோபுரத்தைத் தேடிச் செல்பவர் ஏமாறுவர். குனிந்து செல்லவேண்டிய குறுகிய குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். இக்குகையிலிருந்து காவிரிக்கு வழி உண்டு என்பது மலைமக்களின் நம்பிக்கை. மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் அனைத்தும் திரளும். மாணவர்களில் விரும்பியோர் உள்ளே சென்றுவர, யாம் வெளியே புல்வெளியில் அமர்ந்திருந்தோம். மரமில்லாத அகன்ற வெளி. காற்று மட்டும் ஓயாமல் வீசிற்று.

உடன் வந்த ஊர்ப் பெரியவர் பேச்சுவாக்கில் தம் முன்னோர் கதையைச் சொன்னார். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவரில் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடு அண்ணன் பச்சைமலையிலும், சின்ன அண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது மலையாளிப் பழங்குடி மக்களின் மரபுச் செய்தி. மூவருக்கு மூன்று மலை. அக்காள் தங்கை இருந்தார்களா என்று கேட்க நா எழுந்தது, அடக்கிக்கொண்டோம். பையிலிருந்த வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் பேனாவை எடுத்து, இருபது ஆண்டுகளாக ஒத்திவைத்த கணக்கைப் போட்டோம். எட்டே முக்கால். 8.75. மகனுக்கு அதன் இருமடங்கு, பதினேழரை. ஏழரை, பதினேழரை, பதினேழரை, எட்டே முக்கால், எட்டே முக்கால். அறுபது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஊர் திரும்பியதும் அண்ணனைக் கண்டோம். முதலில், “இத்தனை வருசம் கழித்து இதென்ன தம்பி?” என்றார். பால் பைக் கதையைச் சொன்னோம். வெற்றிலை டப்பாவைத் திறந்து ஒன்பது பாக்குகளை எடுத்து வைத்து, பைக்கு ஒன்றாக ஆறு இடத்தில் பிரித்துப் பார்த்தார். மிச்சம் மூன்று. பாக்குவெட்டியால் ஒவ்வொன்றாக வெட்டினார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இளையவளுக்கு நான் எழுதித் தருகிறேன். மூத்தவளுக்கு நீ கொடு” என்றார்.

ஒரு சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒன்று, 435.6 சதுர அடி. கால் சென்ட் 108.9 சதுர அடி. கேட்பதற்குச் சிறிது, ஓர் அறை கட்டலாம். மூத்த அக்காளின் வீடு அந்தப் பங்கில்தான் எழும்பியது. இடம் போதாமல் சமையலறைச் சுவரை ஓரடி உள்ளே இழுத்துக் கட்டினார்கள் என்பது எமக்குத் தெரியும். அம்மிக்கல் வைக்க இடமின்றி வாசலில் கிடந்ததையும் பல்லாண்டு கண்டிருக்கிறோம். அப்போதெல்லாம் கொத்தனாரைக் குறை கூறியவரும் யாமே.

அக்காளிடம் எவ்வாறு தொடங்குவது என்று தெரியாமல், தேநீர் குடித்து முடிக்கும்வரை மலையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவழியாகச் சொல்லி முடித்தோம். அக்காள் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். குவளையை எடுத்துக்கொண்டே சொன்னார்:

“எட்டே முக்கால்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. உள் ரூம்புல உக்காந்து அம்மாவோட புளியங்கொட்டையை வச்சுப் பிரிச்சுப் பாத்தேன். நீ படிச்சவன், வெளியில உக்காந்திருக்கே, நீ சொல்லுவேன்னு பாத்தேன்.”

நில அளவர் அடுத்த வாரம் வந்து எல்லைக்கல்லை நகர்த்தி நட்டார். அவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு சென்றபின், அக்காள் தம் பேத்தியை அழைத்துப் புதிய கல்லுக்கும் பழைய குழிக்கும் இடையே குறுக்காக நடக்கச் சொன்னார். குழந்தை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடந்தது. கடைசி அடி முழுமையாக விழவில்லை. பாதி பாதம் பழைய குழிக்குள் இறங்கிற்று. “இது எவ்வளவு நன்னி?” என்று அங்கிருந்தே கேட்டது.